ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளர் அனுபவத்தை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்கள், செவிலியர்கள், வட்டார அளவில் தரப் பணி பார்ப்பவர்கள், சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட பக்கம் இது. எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டு அரசு நிலையங்களை ஒட்டியவை. சிறிய தனியார் கிளினிக்குக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நோயாளர் அனுபவமும் நோயாளர் திருப்தியும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. அனுபவம் என்பது அவருக்கு நடந்தது. திருப்தி என்பது நடந்ததை அவர் தன் எதிர்பார்ப்போடு வைத்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. ஐந்து மணி நேரம் ஆகும் என்று நினைத்து வந்தவர் மூன்று மணி நேரத்தில் மருந்து வாங்கிவிட்டால் திருப்தியோடு வீட்டுக்குப் போவார். அரை மணியில் முடியும் என்று வந்தவருக்கு ஒரு மணி நேரமே கசக்கும். இரண்டு பேருடைய திருப்தியையும் கூட்டிச் சராசரி எடுத்தால், நிலையத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரியவே தெரியாது.

அதனால்தான் அளப்பவர்கள் நடந்ததைக் கேட்கிறார்கள். டாக்டர் பரிசோதித்துப் பார்த்தாரா? என்ன நோய் என்று சொன்னாரா? எழுதிய மாத்திரை எல்லாம் கிடைத்ததா? இவற்றுக்கு வரும் பதிலைக் கொண்டு மறுநாளே ஏதாவது செய்ய முடியும். "72 சதவீதம் திருப்தி" என்பதைக் கொண்டு எதையும் செய்ய முடியாது.

எங்கள் நிலையத்தில் கேட்டால் 95 சதவீதம் பேர் திருப்தி என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் நன்றாகத்தானே நடத்துகிறோம்?

நன்றாக நடத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த எண் அதற்குச் சாட்சியாகாது. "திருப்தியா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பெரும்பாலோர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் அதற்குக் காரணங்கள் இன்னும் கூடுதல். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லக் கூடாது என்ற எண்ணம் இருக்கிறது. அடுத்த மாதமும் சுகர் மாத்திரைக்கு இதே ஜன்னலில்தான் நிற்க வேண்டும் என்ற பயம் இருக்கிறது. கேட்பவர் படித்தவர், கையில் அட்டையும் பேனாவும் வைத்திருக்கிறார் என்பதும் ஒரு காரணம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நைஜீரியாவின் ஆரம்ப சுகாதார மையங்களில் செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே விஷயத்தைச் சிலரிடம் நல்லவிதமான வாக்கியமாகவும் மற்றவர்களிடம் குறை கூறும் வாக்கியமாகவும் சொல்லி ஒப்புதல் கேட்டார்கள். நல்லவிதமாகச் சொன்னபோது தெரிந்த திருப்தி, குறையாகச் சொன்னபோது தெரிந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்று தலையாட்டும் இயல்புதான் அந்த வித்தியாசத்தைத் தந்தது. மடகாஸ்கரில் நிலைய வாசலில் கேட்டபோதும் வீட்டில் கேட்டபோதும் வந்த பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாசலில் சொன்னது கூடுதல் திருப்தியாக இருந்தது. இங்கிலாந்தில் பொது மருத்துவர்களின் ஆலோசனைகளைக் காணொளியில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களிடம் காட்டினார்கள். அவர்கள் மோசம் என்று குறித்த ஆலோசனைகளில் பலவற்றுக்கு நோயாளிகள் நல்ல மதிப்பெண்ணே போட்டிருந்தார்கள்.

ஆக, உயர்ந்த மதிப்பெண் பெரிதாக எதையும் உறுதி செய்யாது. தாழ்ந்த மதிப்பெண்ணை நம்பலாம். 15 சதவீதம் பேர் துணிந்து ஒரு குறையைச் சொல்கிறார்கள் என்றால், உண்மையில் அது அதைவிடப் பரவலாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தெந்த விஷயங்களைக் கேட்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2000-க்குப் பிறகு தன் ஆய்வுகளில் பயன்படுத்திய பட்டியலில் எட்டுக் கூறுகள் உண்டு: கண்ணியம், முடிவெடுப்பதில் பங்கு, ரகசியம், தெளிவான பேச்சு, உடனடிக் கவனிப்பு, அடிப்படை வசதிகள், உற்றார் துணை, மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. ஆரம்ப நிலை மருத்துவத்துக்கென்றே நான்கு தூண்களைச் சொன்னவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஸ்டார்ஃபீல்ட்: முதலில் நாடிவரும் இடமாக இருப்பது, தொடர்ச்சி, தேவைகள் முழுமைக்கும் சேவை, பிற மருத்துவமனைகளோடு ஒருங்கிணைப்பு.

இரண்டையும் வைத்துக்கொண்டு, உங்கள் நிலையத்தில் நோயாளி நடக்கும் பாதையிலேயே நடந்து பாருங்கள். ஓ.பி. சீட்டு, பி.பி. பார்க்கும் மேஜை, டாக்டர் அறை, லேப், ஊசி அறை, மருந்து ஜன்னல், மேல் சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டு. ஒவ்வோர் இடத்திலும் என்ன தவறக்கூடும் என்று எழுதிப் பார்த்தால் கேள்விகள் தாமாக வரும். பொதுவாக விட்டுப்போவது தொடர்ச்சிதான். சுகர், பி.பி. நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வருபவர்கள். "போன தடவை எழுதியதை இந்தத் தடவை யாராவது பார்த்தார்களா?" என்பதுதான் அவர்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி.

தயாராக இருக்கும் வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா?

கடன் வாங்கலாம், ஆனால் அப்படியே வேண்டாம். அமெரிக்காவில் 1995 முதல் வளர்ந்துவரும் கேப்ஸ் (CAHPS) என்ற நோயாளர் அனுபவக் கேள்வித்தாள் குடும்பத்தில் கிளினிக்குகளுக்கான பதிப்பு ஒன்று உண்டு. கடந்த ஆறு மாத அனுபவத்தைக் கேட்டு, ஒருபோதும் இல்லை முதல் எப்போதும் வரை நான்கு படிகளில் பதில் வாங்கும். ஐரோப்பாவின் யூரோபெப் 23 கேள்விகள் கொண்டது. ஸ்காட்லாந்தில் உருவான கேர் அளவுகோல் மருத்துவரின் பரிவை மட்டும் 10 கேள்விகளில் அளக்கிறது. இங்கிலாந்து 2007 முதல் நாடு முழுக்கப் பொது மருத்துவ நோயாளிகளிடம் கணக்கெடுப்பு நடத்துகிறது.

இவற்றில் பல, நோயாளிக்கு ஒரு நிரந்தர மருத்துவர் இருக்கிறார், தொலைபேசியில் நேரம் வாங்கி வருகிறார், தானே படித்துப் பதில் எழுதுகிறார் என்ற அடிப்படையில் எழுந்தவை. நம் நிலையத்தில் மருத்துவர் இடமாற்றலில் போய்விடுவார். நேரம் குறித்து வரும் வழக்கம் இல்லை. பதிலை வேறொருவர் கேட்டுத்தான் எழுதுகிறார். மருந்து இருப்பு, காசு கேட்பது போன்ற நம் கவலைகள் அந்தத் தாள்களில் இல்லை. கூறுகளையும் மதிப்பெண் முறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியைத் தமிழில் புதிதாக எழுதுங்கள்.

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசியத் தர உறுதிச் சான்றிதழுக்கு நோயாளர் திருப்திக் கணக்கெடுப்பு தேவை. அதற்கான படிவத்தை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு நடந்ததைக் கேட்கும் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கேள்வி எழுதும்போது எங்கே சறுக்குகிறது?

முதல் சறுக்கல் எழுத்து மொழி. "மருத்துவர் தங்கள் உடல்நிலை குறித்து விளக்கமளித்தாரா?" என்று தாளில் இருந்தால், கணக்கெடுப்பாளர் அதைத் தன் வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்வார். பத்துக் கணக்கெடுப்பாளர்கள் பத்து விதமாகச் சொல்வார்கள். பேசுவது போலவே தாளில் எழுதிவிடுங்கள்: "உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு சொன்னாங்களா?" எழுதியபடியே எல்லாரும் சொல்லட்டும். வட்டார வழக்குக்கு ஏற்ப ஓரிரு சொல்லை மாற்றலாம். மாற்றியதையும் தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

இரண்டாவது, "பரவாயில்லை". பதில்களில் இதை ஒரு படியாக வைக்கவே கூடாது. ஒருவருக்கு அது "நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது". இன்னொருவருக்கு "விடுங்க, பேசி என்ன ஆகப் போகுது". பட்டியலில் இல்லாவிட்டாலும் நோயாளி அந்தச் சொல்லைத்தான் சொல்வார். சொன்னால் அப்படியே குறிக்காமல், "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்கச் சொல்லிப் பயிற்சி கொடுங்கள்.

மூன்றாவது, "சிஸ்டர்". கிராமத்தில் செவிலியர், மருந்தாளுநர், லேப் பணியாளர், சுகாதார செவிலியர் எல்லாருமே சிஸ்டரோ நர்ஸம்மாவோ ஆகிவிடுவார்கள். டாக்டரைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மருந்து கொடுத்தவரைப் பற்றிய பதில் வரும். ஆளைக் கேட்காமல் இடத்தைக் கேட்டால் குழப்பம் தீரும்: "மாத்திரை வாங்குற ஜன்னல்ல இருந்தவங்க..."

நான்காவது, ஒரே கேள்விக்குள் இரண்டு. "அடுத்து எப்ப வரணும், என்ன ஆனா உடனே வரணும்னு சொன்னாங்களா?" என்றால், முதலாவதைச் சொல்லியிருப்பார்கள், இரண்டாவதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், நோயாளி "சொன்னாங்க" என்று முடித்துவிடுவார். இரண்டாக வெட்டுங்கள்.

கடைசியாக, "அனுபவம்" என்ற சொல்லையே நோயாளியிடம் பயன்படுத்த வேண்டாம். "இன்னிக்கு உள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு கேக்கப் போறோம்" என்றால் போதும்.

எழுதி முடித்ததும் எட்டு முதல் பத்து நோயாளிகளிடம் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு, "நான் என்ன கேட்டேன்னு நீங்க நினைச்சீங்க?" என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்க்கும் வேலையைவிட இதில் அதிகப் பிழைகள் பிடிபடும்.

மாதிரிக் கேள்விகள் தர முடியுமா?

வாய்மொழியாகக் கேட்க 12 கேள்விகள் போதும். ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆகும். அதைத் தாண்டினால் கைக்குழந்தையோடு வந்தவர் நகர ஆரம்பித்துவிடுவார்.

1. இன்னிக்கு டாக்டரைப் பார்த்தீங்களா, நர்ஸை மட்டும் பார்த்தீங்களா?
2. உங்க தொந்தரவை முழுசா சொல்லி முடிச்சீங்களா, நடுவுலயே நிறுத்திட்டாங்களா?
3. தொட்டோ கருவி வச்சோ பரிசோதிச்சாங்களா?
4. உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு சொன்னாங்களா?
5. எழுதின மாத்திரை எல்லாம் இங்கயே கிடைச்சுதா, எதையாவது வெளிய வாங்கச் சொன்னாங்களா?
6. எந்த மாத்திரையை எப்ப சாப்பிடணும்னு சொன்னாங்களா?
7. என்ன ஆனா உடனே திரும்பி வரணும்னு சொன்னாங்களா?
8. போன தடவை எழுதினதை இன்னிக்கு யாராவது பார்த்தாங்களா?
9. நீங்க டாக்டர்கிட்ட பேசினது மத்தவங்க காதுல விழுந்திருக்குமா?
10. யாராவது உங்ககிட்ட சத்தம் போட்டுப் பேசினாங்களா? எந்த இடத்துல?
11. எதுக்காவது யாராவது காசு கேட்டாங்களா? எவ்வளவு?
12. இங்க ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னா, எதை மாத்தணும்?

பன்னிரண்டாவது கேள்வியை "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று மாற்றிவிடாதீர்கள். அதற்கு "ஒண்ணும் இல்லீங்க" என்ற பதில்தான் வரும். பதினொன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இலவச சேவை தரும் இடத்தில் அதைக் கேட்காமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

காத்திருந்த நேரத்தை ஏன் கேட்கவில்லை?

நோயாளி சொல்லும் நிமிடக் கணக்கு துல்லியமாக இருக்காது. வலியோடு காத்திருந்த நேரம் நீண்டு தெரியும். நேரத்தை நேரடியாகவே அளந்துவிடலாம். கணக்கெடுப்பு நடக்கும் நாள்களில் ஓ.பி. சீட்டின் மூலையில் மூன்று நேரங்களைக் குறியுங்கள்: சீட்டு போட்டது, டாக்டர் அறைக்குள் போனது, மருந்து வாங்கியது. வெளியே வரும்போது அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நோயாளியிடம் கேட்க வேண்டியது, "எவ்வளவு நேரம் ஆகும்னு யாராவது சொன்னாங்களா?" என்பதைத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் பலருக்குப் பெரிய வேதனை.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? யாரைத் தேர்ந்தெடுப்பது?

எத்தனை பேர் என்பதைவிட யார் என்பது முக்கியம். "இங்க வாங்கம்மா, நல்லா பேசுவீங்கல்ல" என்று செவிலியர் தேர்ந்தெடுத்த 200 பேரைவிட, சீட்டு எண் தேர்ந்தெடுத்த 60 பேர் மேல்.

எளிய முறை ஒன்று உண்டு. 0 முதல் 9 வரை பத்துத் துண்டுச் சீட்டு எழுதி, தினமும் காலையில் ஒன்றை எடுங்கள். 4 வந்தால், அன்று 4-இல் முடியும் ஓ.பி. எண்கள் (4, 14, 24...) உள்ளவர்களிடம் மட்டும் கேளுங்கள்; அவர்களே அன்றைய மாதிரி. நாளுக்கு 120 பேர் வரும் நிலையத்தில் 12 பேர் கிடைப்பார்கள். ஆறு நாளில் 72 பேர். கர்ப்பிணிகள் நாள், தொற்றா நோய் நாள் என்று வாரத்தின் எல்லா நாள்களும் உள்ளே வர வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மட்டும் கேட்டால் வேறு ஒரு நிலையத்தையே அளந்தது போல ஆகும்.

தேர்வானவர் மறுத்தால் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடாதீர்கள். "மறுத்தார்" என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். மறுத்தவர்களின் எண்ணிக்கையும் முடிவோடு வெளியிட வேண்டிய ஒன்று.

துல்லியம் எவ்வளவு என்றால்: 80 சதவீதம் பேர் "சொன்னாங்க" என்று சொல்லும் ஒரு கேள்விக்கு, 30 பேரிடம் கேட்டால் ஏறத்தாழ 14 சதவீதப் புள்ளிகள் முன்பின் இருக்கலாம். 100 பேர் என்றால் 8 புள்ளிகள், 400 பேர் என்றால் 4. நிலையத்தைத் திருத்திக்கொள்ள 60 முதல் 100 போதும். தனி மருத்துவரைப் பற்றிச் சொல்வதானால் அவர் ஒருவருக்கே 45 முதல் 50 பேராவது வேண்டும். அதற்குக் குறைவானதை வைத்து எந்த மருத்துவரையும் எடைபோட வேண்டாம்.

பார்க்காமலே திரும்பிப் போனவர்கள்?

வாசலில் கேட்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் இவர்கள் சிக்க மாட்டார்கள். நிலையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் வைத்திருப்பவர்களும் இவர்களே. ஒவ்வொரு நாளும் மாலையில், போட்ட ஓ.பி. சீட்டுகளையும் டாக்டர் பார்த்தவர்களையும் மருந்து ஜன்னல் பதிவையும் ஒத்துப் பாருங்கள். 128 சீட்டு போட்டு 119 பேரை டாக்டர் பார்த்திருந்தால், 9 பேர் பாதியில் போயிருக்கிறார்கள். அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் அறிக்கையின் முதல் வரியில் போடுங்கள். நிலையத்துக்கே வராமல் நேரே மருந்துக் கடைக்குப் போகிறவர்களின் காரணம் தெரிய வேண்டுமானால், ஊருக்குள் வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.

யார் கேட்பது? எங்கே நின்று கேட்பது?

அந்த நிலையத்தில் வேலை பார்ப்பவர் யாரும் கேட்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியரும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மருந்து கொண்டுபோகும் தன்னார்வலரும் தங்கள் பகுதியில் கேட்பது சரியாக வராது. அவர்களைப் பற்றியே குறை சொல்ல வேண்டியிருந்தால் நோயாளி என்ன செய்வார்? வேறு வட்டாரத்துச் சுயஉதவிக் குழுப் பெண்கள், கல்லூரிச் சமூகப்பணி மாணவர்கள் ஆகியோர் நல்ல தேர்வு. சீருடையும் அடையாளப் பட்டையும் வேண்டாம்.

இடம், மருந்து ஜன்னலிலிருந்தும் டாக்டர் அறையிலிருந்தும் பார்வைக்கு மறைவாக இருக்க வேண்டும். கேட்டைத் தாண்டி ஒரு மரத்தடி, பேருந்து நிறுத்தத்தின் ஓரம் என்று பாருங்கள். உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் வையுங்கள். உடன் வந்த மகனோ மாமியாரோ பதில் சொல்ல ஆரம்பித்தால், "அம்மாவே சொல்லட்டும்" என்று அன்பாகத் தடுக்க வேண்டும். குழந்தைக்காக வந்தால் உள்ளே கூட வந்தவரிடம் கேளுங்கள். வெளியே வண்டியோடு நின்றவரிடம் கேட்டுப் பயனில்லை.

மூன்று முதல் ஏழு நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்பது இன்னும் மனம் திறந்த பதிலைத் தரலாம். ஆனால் சீட்டில் இருப்பது பெரும்பாலும் வீட்டு ஆண்களின் எண். பெண் நோயாளியிடம் தனியே பேசும் வாய்ப்பு குறைவு. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதையே தொடருங்கள். சென்ற முறை வாசலிலும் இந்த முறை தொலைபேசியிலும் கேட்டுவிட்டு, மதிப்பெண் இறங்கிவிட்டது என்று வருந்துவதில் பொருள் இல்லை. இங்கிலாந்தின் தேசியக் கணக்கெடுப்பே 2024-இல் கேள்வித்தாளையும் முறையையும் மாற்றியபோது, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டது.

சுவரில் கியூ.ஆர். குறியீடு ஒட்டினால் வேலை முடிந்ததே?

ஒட்டுங்கள், தவறில்லை. அதில் வரும் எண்ணை அளவீடு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்மார்ட்போன் இருக்கும் இளைஞர்களும் மிகுந்த கோபத்தில் இருப்பவர்களும்தான் அதில் பதில் எழுதுவார்கள். உங்கள் நிலையத்துக்கு அதிகம் வரும் 60 வயதுப் பாட்டி அதில் இருக்க மாட்டார். மாத இலக்கு என்று ஒன்று வைத்துவிட்டால் ஊழியர்களே நிரப்பத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தில் 2014 டிசம்பர் முதல் எல்லாப் பொது மருத்துவ நிலையங்களிலும் கேட்கப்படும் ஒற்றைக் கேள்விக் கருத்துப் படிவத்தையும், நிலையங்களை ஒப்பிடப் பயன்படுத்த வேண்டாம் என்றே அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். விரும்பியவர் மட்டும் எழுதுவது என்பதே காரணம். நோயாளர் கருத்தைக் கேட்க நம் மத்திய அரசு 2016-இல் தொடங்கிய மேரா அஸ்பதால் திட்டத்தில் எஸ்.எம்.எஸ்., தொலைபேசி அழைப்பு, செயலி, இணையம் என்று வழிகள் பல. அங்கும் பதில் தந்தவர்கள் யார் என்பதைப் பார்த்துவிட்டே எண்ணைப் படிக்க வேண்டும்.

புகார்ப் பெட்டிக்கும் இதே விதி. அதன் வேலை ஒரு குறிப்பிட்ட குறையைத் தீர்ப்பது.

பெயர், வயது, சாதி எல்லாம் கேட்கலாமா?

பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டாம். பாலினம், பத்தாண்டு இடைவெளியில் வயது, எதற்காக வந்தார், முதல் தடவையா தொடர்ந்து வருபவரா ஆகியவை போதும். தொலைபேசியில் கேட்பதானால் எண் பட்டியலைத் தனியே வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு இதில் மெத்தனம் கூடாது. சாதி, சமூகம் சார்ந்த பாகுபாட்டை அறிய விரும்பினால், அது கவனமாக வடிவமைத்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு செய்ய வேண்டிய தனி ஆய்வு. வாசலில் போகிற போக்கில் கேட்பதல்ல.

பத்துப் பேருக்குக் குறைவான பிரிவின் முடிவை வெளியிடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை வந்த மூன்று கர்ப்பிணிகள் சொன்னது" என்றால் அந்த மூவரும் யார் என்று ஊருக்கே தெரியும்.

யாராவது தகாத நடத்தையையோ லஞ்சத்தையோ சொன்னால் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே எழுதி வையுங்கள்: நோயாளி விரும்பினால் மட்டும் புகாராக எடுத்துச் செல்வது, யாரிடம் தருவது, 104 உதவி எண்ணை எப்படிச் சொல்வது என்பன. இந்த ஏற்பாடு இல்லாமல் பத்தாவது, பதினொன்றாவது கேள்விகளைக் கேட்கத் தொடங்க வேண்டாம்.

மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது?

ஐந்துக்கு 4.2 என்ற சராசரியை மறந்துவிடுங்கள். மிக நல்ல பதிலைச் சொன்னவர்கள் எத்தனை சதவீதம் என்று மட்டும் பாருங்கள். கேப்ஸ் முறையும் இதைத்தான் செய்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. ஆறாவது கேள்வியை 80 பேரிடம் கேட்டீர்கள். "தெளிவா சொன்னாங்க" 44, "கொஞ்சம் சொன்னாங்க" 22, "சொல்லல" 10, மாத்திரையே தரப்படாதவர்கள் 4. அந்த 4 பேரைக் கழித்துவிடுங்கள். 76-இல் 44, அதாவது 58 சதவீதம். பொருந்தாதவர்களைக் கழிக்க மறந்து 80-ஆல் வகுப்பதுதான் அடிக்கடி காணும் பிழை. "கொஞ்சம் சொன்னாங்க" என்பதையும் சேர்த்து 87 சதவீதம் என்று காட்டுவது இன்னொரு பிழை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பாதி புரிந்து போனவரை வெற்றிக் கணக்கில் சேர்க்க முடியாது.

மூன்று மாதம் கழித்து 78-இல் 55 பேர், அதாவது 71 சதவீதம் வந்தது என்று வைப்போம். 13 புள்ளி உயர்வு. மகிழ்ச்சிதான், ஆனால் இந்த அளவு மாதிரியில் ஏறத்தாழ 15 புள்ளி வரை தற்செயலாகவே ஆடலாம். அடுத்த முறையும் அங்கேயே நின்றால் நம்புங்கள். இரண்டு முறை முன், இரண்டு முறை பின் என்று சேர்த்துப் பார்ப்பது இன்னும் உறுதி.

பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட்டுத் தரவரிசை போடலாமா?

வேண்டாம். வயதானவர்களும் ஓரளவு ஆரோக்கியமாக இருப்பவர்களும் கூடுதல் மதிப்பெண் தரும் போக்கு பல நாடுகளில் காணப்படுகிறது. அதனால் கேப்ஸில் ஒப்பிடும் முன் வயது, கல்வி, உடல்நிலை ஆகியவற்றுக்குச் சரிக்கட்டல் செய்கிறார்கள். தொற்றா நோய் முதியவர்கள் அதிகம் வரும் நிலையத்தையும், காய்ச்சலுக்கு வேலையை விட்டுவிட்டு வரும் கூலித் தொழிலாளர் அதிகம் வரும் நிலையத்தையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமாகாது.

பணத்தோடு இணைப்பது இன்னும் சிக்கல். இங்கிலாந்தில் நோயாளர் கணக்கெடுப்பு முடிவை மருத்துவர்களின் ஊக்கத்தொகையோடு சில ஆண்டுகள் இணைத்துப் பார்த்துவிட்டு 2011-இல் விலக்கிக்கொண்டார்கள். சிறிய மாதிரியில் தற்செயலாக ஏறி இறங்கும் எண்ணுக்காக ஒருவரின் வருமானம் ஆடக் கூடாது. ஒப்பிடுவதானால் உங்கள் நிலையத்தின் சென்ற காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

முடிவு மோசமாக வந்தால் ஊழியர்கள் மனம் உடைந்துவிட மாட்டார்களா?

வெளிப்படுத்தும் விதத்தைப் பொறுத்தது. ஒரு நாளில் 120 பேரைப் பார்க்கும் மருத்துவரிடம், "42 சதவீதம் பேருக்கு மாத்திரை பற்றித் தெளிவாகச் சொல்லப்படவில்லை" என்று குற்றச்சாட்டாக நீட்டினால் அவர் கேள்வித்தாளில்தான் குறை காண்பார். முதலில் ஊழியர்களே தங்கள் கணிப்பை எழுதட்டும்: "எத்தனை சதவீதம் பேர் தெளிவாகச் சொன்னார்கள் என்று சொல்வார்கள்?" பிறகு உண்மை எண்ணைக் காட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே பேச்சைத் தொடங்கிவைக்கும். தனி ஆள் பெயரைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

முடிவை வைத்து அடுத்து என்ன செய்வது?

ஒரு முறைக்கு ஒரு விஷயம் மட்டும். பன்னிரண்டையும் திருத்த முயன்றால் எதுவும் நடக்காது. மாத்திரை விளக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், ஏன் நடக்கவில்லை என்று ஜன்னலருகே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மருந்தாளுநர் ஒருவர், வரிசை நீளம், கண்ணாடிக்கு அப்பால் சத்தம், மாத்திரை உறையில் எதுவும் எழுதப்படவில்லை என்று காரணங்கள் கண்ணுக்குத் தெரியும். உறையில் சூரியன், நிலா படம் போட்ட முத்திரை குத்துவது, கடைசியில் "எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று நோயாளியையே திருப்பிச் சொல்ல வைப்பது ஆகியவை செலவில்லாதவை. பேச்சு வெளியே கேட்பதுதான் பிரச்சினை என்றால், டாக்டர் மேஜைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு திரை போட்டு, உள்ளே ஒருவர் மட்டும் என்று விதி வைக்கலாம். நோயாளர் நலச் சங்க நிதியில் முடிகிற வேலை.

மருந்து இருப்பு, ஆள் பற்றாக்குறை போல உங்கள் கையில் இல்லாதவற்றை எண்ணோடு மேலே எழுதுங்கள். "அடிக்கடி மருந்து இல்லை" என்று எழுதுவதைவிட "76 பேரில் 19 பேரை வெளியே வாங்கச் சொன்னோம், மருந்துகள் இவை" என்று எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடுதல்.

நோயாளிகளுக்கும் தெரிவியுங்கள். ஓ.பி. வரிசை நிற்கும் சுவரில் பெரிய எழுத்தில் இரண்டு வரி: நீங்கள் சொன்னது இது, நாங்கள் மாற்றியது இது. படிக்க முடியாதவர்களுக்கு, காலையில் கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது செவிலியர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு முழு வாரம். மழைக்காலக் காய்ச்சல் கூட்டத்தில் எடுத்ததை அடுத்த ஆண்டு அதே பருவத்தோடு ஒப்பிடுங்கள். கணக்கெடுப்பாளர் இருவர், அச்சிட்ட தாள், ஒரு நாள் பயிற்சி, எண்ணிக் கூட்ட ஒரு நாள் என்று ஏற்பாடு முடிந்துவிடும். சென்ற முறை தெரிந்த குறைக்கு இன்னும் எதுவுமே செய்யவில்லை என்றால் அடுத்த கணக்கெடுப்பைத் தள்ளி வையுங்கள். அந்த வாரத்தை அந்த ஒரு குறைக்குச் செலவிடுங்கள்.